ஊதிக் கொடுத்த அடுப்பு

விழுப்புரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வீரம்மாள் லைன் என்று ஒன்று இருந்தது. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். முற்றத்தில் ஒரு கிணறு. கோடியில் ஆறு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். வெளுத்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால், எஞ்சின் கரி படிந்து சாயங்காலம் வேறு நிறத்தில் எடுக்கலாம். ஊரில் இதைவிடக் குறைந்த வாடகைக்கும் வீடுகள் கிடைத்தன. ஆனால் அவற்றை வீடு என்று சொல்லச் சற்றுத் துணிச்சல் வேண்டும்.

லைனின் முதல் வீட்டில் தேவநாதன் குடியிருந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் கணக்கு எழுதுபவர். பிள்ளைகள் இல்லை, அவரும் மனைவி காந்திமதியும்தான். ஆறு வீடுகளில் அந்த ஒன்றுக்கு மட்டும் தெருப்பக்கம் ஜன்னல் உண்டு. மண்டியிலிருந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, ஜன்னலடியில் உட்கார்ந்து, வாசகசாலையிலிருந்து எடுத்துவந்த வேதாந்தப் புத்தகத்தைப் பிரிப்பார். வெளிச்சம் போனதும் விளக்கு வைத்துக்கொண்டும் படிப்பார். தனக்கென்று இவ்வுலகில் எதுவும் இல்லை என்பதைப் படித்துத் தெளிந்ததாகச் சொல்லிக்கொள்வார். படிக்காமலே தெரிந்திருக்கும். அவருக்கென்று இருந்தது ஒரு மரப்பெட்டியும் ஒரு சைக்கிளும் மட்டும்தான். ஜன்னலும் இருந்தது, ஆனால் அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மாதப் பிறப்பன்று வீரம்மாள் வாடகைக்கு வருவாள். மயிலம் பக்கத்து உழவர் குடும்பத்துப் பெண். எதிர்வீட்டில் இரண்டு எருமைகளோடு இருந்தாள். தேவநாதன் வாடகையைக் கொடுத்துவிட்டு, தவறாமல் ஒரு வாக்கியம் சொல்லுவார்.

"இந்த ஒடம்பே வாடகை வீடுங்க. இது இன்னா பெரிசு? அடுத்த மாசம் காலி பண்ணிடலாம்னு பாக்கறேன்."

இதன் பொருள், அடுப்படிக்கு மேலே ஓடு ஒழுகுகிறது என்பது. ஓட்டை மாற்றிக் கொடுங்கள் என்று நேராகக் கேட்டால் அது ஆசை ஆகிவிடும் என்று அவருக்கு நினைப்பு. வீரம்மாள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். ஓடு ஒழுகியபடியே இருக்கும். தன் பற்றின்மை அவளை உள்ளூர உறுத்திக்கொண்டிருக்கும் என்று தேவநாதன் நம்பினார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், வீரம்மாள் முதல் முறையாக அதற்குப் பதில் சொன்னாள்.

"சரிங்க கணக்கரே. திண்டிவனத்துலேந்து ஒரு ரயில்வேக்காரரு மாத்தலாயி வர்றாரு. வீடு வீடுன்னு கேட்டுக்கினே இருக்காரு. நீங்களும் போறேன் போறேன்னு சொல்லிக்கினே இருக்கீங்க. அதான் இந்த வீட்டச் சொல்லிட்டேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் கிணற்றடியில் கோதண்டபாணி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். ஜங்ஷனில் மூட்டை தூக்குபவன். லைனின் கோடி வீட்டில், கக்கூசை ஒட்டி ஒரு வருஷம் குடியிருந்துவிட்டு, மூன்றாம் வீடு காலியானதும் அங்கே ஓடி வந்தவன். கோடி வீட்டில் அவன் நாற்றம் தாங்காமல் புலம்பியபோது, நாற்றம் மூக்குக்குத்தான், மனம் அதை ஏற்காவிட்டால் அது இல்லை என்று தேவநாதன் அவனுக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். அவன் காதுபட இப்போது வீட்டுக்காக மன்றாட முடியுமா? ரொம்ப நல்லதுங்க என்று சொல்லிவிட்டார். உள்ளே காந்திமதியின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

அன்று இரவு அவளிடம் அவராகவே விளக்கம் சொன்னார். ஆனியில் மூட்டை கட்ட நேரம் போதாது. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆவணிக்குள் அந்த ரயில்வேக்காரருக்கு வேறு வீடு கிடைத்துவிடும், இல்லாவிட்டால் மறுபடி மாற்றலாகிவிடும். காலம் எல்லாவற்றையும் கரைக்கும் என்றார். வேற வீடு கெடைக்கலாம், இந்தக் கெணத்துத் தண்ணி கெடைக்குமா என்று மட்டும் அவள் சொன்னாள். சித்திரை வெயிலிலும் வற்றாத கிணறு அது.

ஆனியின் கடைசி நாள் காலையில், தேவநாதன் ஜன்னலடியில் இருந்தபோது வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. வீரம்மாள் முன்னால் வந்தாள். பின்னால் தாண்டவராயன் என்கிற அந்த ரயில்வேக்காரர். அவர் மனைவி அம்மணி கையில் சாமி படம், மஞ்சள், உப்பு, ஒரு பித்தளைப் பானை. நாளைக்கு ஆடி பிறக்கிறது, இன்றைக்குப் பாலை மட்டும் காய்ச்சிவிட்டுப் போகிறார்களாம், சாமான் மெதுவாக வருமாம். உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே என்று வீரம்மாள் கேட்டாள். இதில் என்ன கஷ்டம் என்றார் தேவநாதன்.

புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டால் குடிவந்த கணக்கு. அதன்பிறகு சாமான் ஆடியில் வந்தாலும் தோஷமில்லை. இது அந்த ஊர்களில் குழந்தைக்கும் தெரியும். தேவநாதனே இதே அடுப்பில் அப்படிப் பால் காய்ச்சித்தான் குடிவந்தார். ஆனால் அந்த நேரத்தில் அவர் புத்தகத்தில் மாயையைப் பற்றிய அத்தியாயத்தில் இருந்தார்.

அம்மணிக்கு அடுப்புப் பிடிபடவில்லை. வீடெல்லாம் புகை. தாண்டவராயன் ஊதிப் பார்த்து இருமினார். ஒரு வேலையைத் தவறாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதது தேவநாதனின் குணம். அந்த அடுப்பில் இடது பக்கத்துக் கல் ஆடும். வலது பக்கமாகக் குழலைச் சாய்த்து ஊத வேண்டும். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். தள்ளிக்கோம்மா என்று சொல்லிக் குந்தி உட்கார்ந்து, மூச்சுப் பிடித்து ஊதினார். விறகு பற்றிக்கொண்டது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லாரும் கை கூப்பினார்கள். அவரும் கூப்பினார். வயதில் மூத்தவர் என்று அம்மணி முதல் டம்ளர் பாலை அவர் கையில் கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

இடுப்பில் குடத்தோடு காந்திமதி உள்ளே வந்தபோது அவர் பாதி குடித்திருந்தார்.

"இன்னாங்க இது?"

"நல்லா பொங்கிச்சி காந்திமதி," என்றாள் வீரம்மாள். "கணக்கருதான் ஊதிக் குடுத்தாரு."

காந்திமதி அவர் மீசையில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்தாள்.

"எதையும் அரைகொறையா வுடமாட்டாரு," என்றாள். தனக்குக் கொடுத்த டம்ளரை வாயில் வைக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கோபம் என்று தேவநாதன் நினைத்துக்கொண்டார். தான் என்ன செய்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டம்ளரில் மிச்சம் இருந்ததையும் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அன்று அவர் பார்த்த வீடுகளில் எதுவும் அவரைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. ஒரு வீட்டுக்காரர் எத்தனை உருப்படி என்று கேட்டார். இரண்டு என்றதும், பிள்ளையில்லாத வீட்டுக்குத்தான் சொந்தக்காரர்கள் படையெடுப்பார்கள் என்றார். இன்னொருவர், கவிச்சி உண்டா என்று கேட்டார். இல்லை என்று பெருமையாகச் சொன்னார். அங்கே கருவாடு வறுபட்டுக்கொண்டிருந்தது; மூக்கைப் பொத்துகிற குடித்தனம் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் ராத்திரியில் விளக்கு வைத்துப் படிப்பீர்களா என்று கேட்டபோது அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் ஆவணியில் வரச் சொன்னார்கள்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தாண்டவராயன் இங்கே வந்தால் திண்டிவனத்தில் அவர் வீடு காலியாகுமே. ரயிலில் போய் வந்து வேலை பார்க்கலாம். சைக்கிளை ஜங்ஷனில் போட்டுவிட்டுப் பாசஞ்சர் ஏறினார். திண்டிவனத்தில் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாசலில் மாவிலை கட்டியிருந்தது. கிளியனூரிலிருந்து குடிவந்த ஒரு பெண் சிரித்த முகத்தோடு டம்ளரை நீட்டினாள்.

"இப்பத்தான் பால் காய்ச்சினோம். ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கண்ணா."

மறுக்கக் கூடாது என்று அதையும் குடித்தார்.

திரும்பும் ரயிலில் உட்கார்ந்து யோசித்தார். உடம்பு ஒரு வாடகை வீடு, சரி. அதைக் காலி செய்தவனுக்கு ஆடி மாதத்தில் வேறு உடம்பு யார் கொடுப்பார்கள் என்று அவர் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டிருந்ததில் விழுப்புரத்தில் இறங்க மறக்கப் பார்த்தார். இரண்டு வேளைப் பாலும் வெயிலும்தான் காரணம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

லைனுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். முதல் வீடு பூட்டியிருந்தது. வரிசையின் கோடியில், கோதண்டபாணி நாற்றம் தாங்காமல் விட்டு ஓடிய அந்த வீட்டில், சிம்னி விளக்கு எரிந்தது. உள்ளே காந்திமதி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய மரப்பெட்டி சுவரோரம் இருந்தது.

"காலையிலியே வந்தாச்சி," என்றாள். "அந்த டம்ளரு பால எடுத்தாந்து, ரெண்டு செங்கல்லு வெச்சிக் காய்ச்சிட்டேன். வீரம்மாக்காவுக்கும் ஒரு வாய் குடுத்தேன். எவனும் வராத வீடு, அவங்களுக்கும் சந்தோசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா சைக்கிள எடுத்திருக்க மாட்டீங்க, இங்கியே நின்னிருப்பீங்க. இந்தக் கோடி வூட்டுல எப்பிடி இருக்கறதுன்னு பேசிக்கினே ஆடிய வரவெச்சிருப்பீங்க."

அவர் தட்டின் முன் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது காற்று திரும்பியது. கையைக் கீழே வைத்தார். காந்திமதி அவரைப் பார்த்தாள். கையை மறுபடி எடுத்தார்.

அந்த வீட்டில் ஜன்னல் இல்லை. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு மட்டும் இருந்தது. விடுமுறை நாளில் அது வழியாகத் தரையில் விழும் வெளிச்சம் நகர நகர, தேவநாதனும் பாயை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தார். நிலையாமையைப் பற்றிய பாடம் அதுதான் என்று முதல் வாரம் எழுதி வைத்துக்கொள்ளக்கூட நினைத்தார். காலையில் லைன் முழுவதும் சொம்போடு அவர் வாசலில் முறைக்குக் காத்திருக்கும். கோதண்டபாணி உள்ளே எட்டிப் பார்த்து விசாரிப்பான்.

"மூக்குக்குத்தான கணக்கரே, மனசுக்கு ஒண்ணுமில்லியே?"

பதில் சொல்ல மூச்சு விட வேண்டியிருக்கும் என்பதால் தேவநாதன் தலையை மட்டும் அசைப்பார்.

ஆடி வாடகையைக் குடிவந்த அன்றே காந்திமதி கொடுத்துவிட்டதால், ஆவணி முதல் தேதிதான் வீரம்மாள் வாடகைக்கு வந்தாள். பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு, வழக்கமான வாக்கியத்துக்காகச் சற்று நின்றாள். அது வரவில்லை.

"இந்த மாசம் ஒண்ணும் சொல்லலியா கணக்கரே?"

தேவநாதன் மேலே பார்த்தார்.

"இங்கியும் அடுப்புக்கு மேல ஒரு ஓடு ஒடைஞ்சிருக்குதுங்க. மாத்திக் குடுத்தா நல்லா இருக்கும்."

வீரம்மாள் அவரையே பார்த்தாள்.

"இதுக்கா இத்தினி வருசமா காலி பண்ணிக்கினு இருந்தீங்க?"