முகர மட்டும் வந்தவர்

"தை, மூன்றாம் ஞாயிறு, காலை பதினொன்றரை மணி, விழுப்புரம். இரண்டாம் எண் புட்டி. மாமா சொன்னது: வெல்லம் காய்ச்சுகிற கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்குத் தெரிந்தது: ஒன்றுமில்லை."

சிங்கிள் மால்ட் விஸ்கி பற்றி என் குறிப்பேட்டில் உள்ள பழைய பதிவுகளில் ஒன்று இது. மாமா என்று எழுதியிருப்பது என் அக்காள் கணவரை. திண்டிவனத்தில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர்.

அறுபது வயது வரை நான் குடித்ததில்லை. ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு பார்லியைப் பற்றியும் பீப்பாய் மரத்தைப் பற்றியும் ஏதேதோ படித்தேன். படித்ததை நாக்கில் ஒருமுறை சரிபார்க்க ஆசை வந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் என் மகன் ஊருக்கு வந்தபோது, இருமல் மருந்துப் புட்டி அளவில் ஐந்து சின்னப் புட்டிகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். ஐந்தில் பிடித்ததைச் சொன்னால் அதையே பெரிய புட்டியாக வாங்கித் தருவதாக ஏற்பாடு.

லேசானதில் தொடங்க வேண்டும், ஷெர்ரி ஒயின் வைத்திருந்த பீப்பாயில் கிடந்தது நடுவில் வர வேண்டும், புகை வாடை உள்ள தீவுச் சரக்கு கடைசியில் என்று படித்திருந்தேன். அந்த வரிசைப்படி எண் எழுதி ஒட்டினேன். ஐந்தையும் முகர்ந்து பார்த்ததில் ஐந்தும் ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்டாகவே இருந்தன.

மாமாவுக்கு நல்ல மூக்கு. ஆனால் அவர் குடியை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் கோயிலில் இத்தனை காலம் என்று சொல்லி மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கெடு முடிந்த அன்றே அவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. மாமா வருடந்தோறும் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலுக்குப் போவார். பழைய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே புதியதைக் கட்டிக்கொள்வார். அந்த ஏழு வருடமாகத்தான் என் அக்காள் நிம்மதியாக இருந்தாள். அப்படிப்பட்டவரை அழைத்தது நான்.

"குடிக்க வேணாம் மாமா. மோந்து பாத்து சொல்லுங்க, போதும்."

"மோந்து பாக்கறதுக்குக் கயிறு ஒண்ணும் சொல்லாது மச்சான். உங்க அக்காதான் சொல்லுவா."

அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ கூடவே இருடா. எழுந்து எங்கயும் போவாத."

ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் என் வீட்டுக்குப் பாசஞ்சர் ரயிலில் வருவார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாம் எண், வறுத்த மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல். ஐந்தாம் எண்ணை முகர்ந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னா மச்சான் இது? ஆஸ்பத்திரில யாரோ ஈர வெறகைப் பத்த வச்சிக்கினு இருக்கான்!" நான் ஒரு கரண்டி அளவு குடிப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஜல்தியா முழுங்காத. வாயிலயே வச்சிரு. இப்ப வெல்லம் வருதா?" நான்காவது வாரம் மறுபடி இரண்டாம் எண்ணைக் கொடுத்தார். அப்போது வந்தது.

இரண்டாம் எண்ணின் பெரிய புட்டி பங்குனியில் வந்து சேர்ந்தது. ஒயினைப் படுக்கவைப்பார்கள் என்று எங்கோ படித்ததை நம்பி அதையும் பீரோவில் படுக்கவைத்தேன். விஸ்கியை நிற்கவைக்க வேண்டும், படுத்துக் கிடந்தால் சரக்கு தக்கையை அரித்துவிடும் என்பது பிறகு தெரிந்தது. ஒவ்வொரு முறையும் மூடியதும் லேபிளில் பென்சிலால் மட்டத்தைக் கோடிட்டுத் தேதி எழுதுவேன். எதிலும் தேதி போடுகிறவன் நான். அதில் வேறு எண்ணம் இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு, கோடு போட்டு முடித்த நேரத்தில் கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலுக்குப் போனேன். சில்லறை, ரசீது என்று பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது மாமா கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். புட்டி மேசைமேல் இருந்தது. கோட்டைப் பார்க்காமலே எடுத்துப் பீரோவில் படுக்கவைத்தேன்.

அடுத்த ஞாயிறு நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. தக்கை ஈரமாக இருந்தது. அடியில் விரித்த செய்தித்தாளில் தேநீர் நிறக் கறை. கறை எப்போது பட்டது என்று சொல்ல முடியவில்லை.

அதை அவரிடம் காட்டினேன். "போன வாரம் நான் போட்ட கோடு மாமா. இப்ப இங்க இருக்கு."

கோட்டை வெகுநேரம் பார்த்தார். "நான் குடிச்சிக்கினு இருந்தப்பகூட உங்க அக்கா பாட்டில்ல கோடு போட்டதில்ல மச்சான்." சாப்பாடு தயாராக இருந்தது. சாப்பிடாமல் ரயிலுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு வரவில்லை. மூன்று வாரம் பொறுத்துத் திண்டிவனம் போனேன். அவர் சந்தைக்குப் போயிருந்தார். அக்காள் கதவைத் திறந்ததும், "அவர இன்னாடா கேட்ட?" என்றாள். வாசலுக்குப் போனது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"பத்து நிமிஷமா?"

"பத்து, பன்னெண்டு."

"கூடவே இருன்னுதான சொன்னேன்." "நான் கேக்க மாட்டேன். இல்லன்னு சொன்னா நம்ப முடியாது. ஆமான்னு சொன்னா தாங்க முடியாது. நீயும் இனிமே கேக்காத."

மாமா கீரைக்கட்டோடு வந்தார். "வா மச்சான்" என்றார். மழையைப் பற்றிப் பேசினோம். பஸ் ஏற்ற வந்தவர், "பையன் அடுத்து எது வாங்கறதுன்னு கேட்டானா?" என்றார். இனி வாங்கப்போவதில்லை என்றேன். பஸ் கிளம்பும்வரை நின்றிருந்தார்.

நான் அவரைக் கேட்கவில்லை. ஆனால் ஆடியில், மீதியை வாஷ்பேசினில் கொட்டுவதற்கு முன், புதுக் கோடு ஒன்று போட்டு, அதே புட்டியை அதே தக்கையோடு, புதுத் தாள் விரித்து ஒரு வாரம் படுக்கவைத்தேன். அரை விரற்கடை குறைந்தது. தாளில் கறை படிந்தது. சித்திரை வெயிலில் கூடுதலாகக் கசிந்திருக்கலாம். தக்கை அன்று வேறு விதமாக உட்கார்ந்திருக்கலாம். மற்ற அரை விரற்கடை எங்கே போனது என்பது இதை எழுதும் நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.