மாலை போட மறுத்தவள்

சாந்தகுணத்தைப் பற்றி யாராவது பிரசங்கம் செய்தால் இன்றைக்கும் எனக்குத் தாடை இறுகிவிடுகிறது.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். நான் கண்ணமங்கலத்துக்காரி. வாய்த்துடுக்கு என்று வீட்டில் பெயர் எடுத்தவள். பள்ளிக்கூடம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில். ஊரில் ஏழெட்டு வீட்டார் மட்டுமே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்திருந்தார்கள். போளூரிலிருந்து போதகர் மாதம் ஒருமுறை மேலே வருவார்.

அந்த ஏழெட்டு வீட்டில் ஒன்று என் பக்கத்துக் குடிசை. சாமை விதைக்கும் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணின் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவளுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டு நெடுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. மூங்கில் கழியில் போர்வையைத் தூளிபோலக் கட்டி அவளைப் படுக்கவைத்து, புருஷனும் உறவுக்காரர்களும் தோள் கொடுக்க, காலையில் ரோட்டுக்கு இறங்கினோம். போளூர் பஸ் போய்விட்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் புளிமூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. டிரைவர் பக்கத்தில், அந்தப் பக்கத்துப் புளியை எல்லாம் குத்தகைக்கு எடுத்திருந்த காண்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். கை காட்டி நிறுத்தினோம்.

“ரத்தம் பட்டா மூட்டைய எவன் வாங்குவான்?” என்றார்.

“மூட்டை மேல வேணாங்க. நீங்க எறங்கி, அந்த எடத்துல அவளப் படுக்க வையுங்க” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் புருஷன் கும்பிட்டபடி நின்றான். லாரி அவனைத் தாண்டிப் போய்விட்டது.

ரோட்டோரத்தில், புடவைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நாங்கள் நிற்க, பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. அசைவில்லை. அவள் பிழைத்ததே பெரிது.

மழைக்காலத்துக்கு முன்பு கோயிலுக்குத் தகரக் கூரை வந்தது. கொடுத்தது அதே காண்ட்ராக்டர். போதகர் நன்றிக் கூட்டம் வைத்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எங்களைத் தரையில் உட்காரச் சொல்லி, சாந்தகுணம் பற்றியே பேசினார். பிறகு சாமந்தி மாலையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நீ போடும்மா. மன்னிச்சிட்டேன்னு எல்லாருக்கும் தெரியட்டும். சாந்தகுணம்னா இன்னான்னு ஜனங்க உன்னப் பாத்து கத்துக்கட்டும்.”

அவள் எழுந்தாள். மாலையை வாங்கவில்லை.

“அவுரு மேல எனக்குக் கோவம் இல்லீங்க ஐயா. அவுருக்காக ஜெபங்கூட பண்றேன். ஆனா மாலை போட மாட்டேன். போட்டா அன்னிக்கு ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும்.”

“பெருமை பேசாதம்மா. தாழ்மை வேணும்.”

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

“தாழ்மை அவளுக்கு மட்டுந்தானா ஐயா? தன் கன்னத்துல அறைஞ்சவன, ‘எதுக்கு அடிக்கிற?’ன்னு ஆண்டவர் இயேசுவே கேட்டாரு. நீங்க இவர ஒரு வார்த்த கேட்டீங்களா?”

காண்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போதகர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தானே மாலையைப் போட்டார். ஒருவரும் கைதட்டவில்லை. அவள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்து வந்த விடுமுறை முடிந்து நான் மலைக்குத் திரும்பியபோது என் வகுப்பில் வேறொருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அவள் வந்தாள்.

“என்னாலதான டீச்சர் உங்களுக்கு இப்டி ஆச்சு?”

“உன்னால ஒண்ணும் இல்ல” என்றேன். ஆனால் மனசு கேட்கவில்லை. “அன்னிக்குக் கூட்டத்துல நீ ஒரு சத்தங்கூட போடலியே, ஏன்?”

“எனக்குச் சத்தம் வராதுங்க டீச்சர். ஆனா மாட்டேன்னா மாட்டேன்தான்.”

சாந்தகுணம் என்று ஒன்று உண்டு என்பதை அவளிடம்தான் பார்த்தேன். போதகர் கேட்டது அது அல்ல. நாற்காலியில் இருப்பவருக்குச் சங்கடம் வராதபடி தரையில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வேதத்திலிருந்து ஒரு நல்ல சொல்லைத் திருடிக்கொண்டார். எனக்கு ஆறாதது அதுதான்.

பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். காண்ட்ராக்டரும் நெடுநாள் நன்றாகவே இருந்தார். அன்றைக்கு ரோட்டில் அப்படி ஒன்று நடந்ததாக அவர் எவரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்காக நான் இதுவரை ஜெபம் செய்ததில்லை.