நின்ற நாயும் மோட்டார் ரூம் சாவியும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் மனைவியின் அண்ணன், நாயைக் கொடுத்த பாலசமுத்திரத்துக்காரர், அவர் கூட்டிவந்த, கன்னி என்கிற வேட்டை ஜாதிக் கிழட்டு நாய், அதன் மகனான எங்கள் நாய். மனிதர் மூன்று, நாய் இரண்டு. ஒரு முயலும் இருந்தது என்கிறார் பாலசமுத்திரத்துக்காரர். முயலாவது மண்ணாவது என்கிறார் மச்சான். நடுவில் நின்ற நான் அப்போது கண்ணை மூடியிருந்தேன். என் மனைவி அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் இன்றைக்கும் எங்கள் மூன்று பேரையும்விட அந்தக் கதையை நன்றாகச் சொல்பவள் அவள்தான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறையில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மலைவாழை வைத்திருந்தேன், ஊடே சேனைக்கிழங்கு. வாழையை நம்பி மனைவியும் சேனையை நம்பி நானும் இருந்தோம். சேனையை நம்பி இன்னொரு குடும்பமும் இருந்தது. தாய்ப்பன்றி ஒன்று, குட்டிகள் ஏழெட்டு. அவை வந்துபோன மறுநாள் காலையில் பார்த்தால் தோட்டம் குழாய் பதிக்கத் தோண்டின தெரு மாதிரி கிடக்கும்.

பன்றிக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பழைய சேலையை வேலியில் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். சலூனில் வெட்டிப்போட்ட முடியை வாங்கித் தூவினால் பன்றிக்கு மூக்கு அடைக்கும் என்றார்கள். பெருமாள்மலை சலூனிலிருந்து ஒரு சாக்கு முடி வாங்கி பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் ஒரு கவலை வந்தது. செக்போஸ்ட்டில் சாக்கை அவிழ்க்கச் சொன்னால், இவ்வளவு பேர் தலைமுடி உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? பதிலை யோசித்து யோசித்து நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. இரண்டு கிலோமீட்டர் அந்தச் சாக்கோடு திரும்பி நடந்தேன். முடியைப் பன்றிகள் மிதித்துக்கொண்டு வந்தன.

என் கவலைக்குப் படிப்பு காரணமில்லை. எட்டாவதோடு நின்றவன் நான், ஒன்பதாவதில் எல்லோரும் என்னைவிட உயரமாக இருப்பார்களோ என்ற பயத்தில். எங்கள் வீடே அப்படி. அப்பா சிலோன் எஸ்டேட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். வந்து முப்பது வருஷமாகியும் தன்னுடைய காகிதங்களையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் பூட்டி, மாதம் ஒரு தரம் திறந்து எண்ணிப் பார்ப்பார். யூனிஃபார்ம் போட்டவர் யார் எதிரே வந்தாலும், அவர் கண்டக்டராகவே இருந்தாலும், அப்பா பெட்டியைத்தான் நினைப்பார். அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது.

நாய் யோசனை மச்சானுடையது. “ஏலே மாப்ள, சேலை கட்டுறதும் மசுரு தூவுறதும் ஒரு பொழப்பா? நல்ல நாய் ஒண்ணு வாங்கிப் போடு” என்று பழனிக்குக் கூட்டிப்போனார். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவர்தான் நாய்க்காரர், பாலசமுத்திரத்தில் வீடு. விபூதிப் பொட்டலம் கட்டிக்கொண்டே நாயைப் பற்றிப் பேசினார். அவரிடம் இருந்த பெட்டை, சுத்தமான கன்னி. கொடைக்கானலில் ஒரு பங்களாவை விற்றுவிட்டுப் போனவர்கள் விட்டுப்போன பாயிண்டர் என்கிற சீமை ஜாதிக் கடுவனை அதோடு சேர்த்து ஒரு ஈற்று எடுத்திருந்தார்.

“மூக்கு பங்களாவோடது, காலு கன்னியோடது. ரெண்டும் ஒரே ஒடம்புல கெடைக்காது தம்பி. கன்னி கண்ணால பாத்தாத்தான் ஓடும். இது பாக்கிறதுக்கு முந்தியே மோந்து சொல்லிரும்.”

என்ன சொல்லும், எப்படிச் சொல்லும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்போது நான் கடை வாசலில் விட்ட செருப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விலை மூவாயிரம். வேட்டை நாய் விற்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கையில் வாங்கும்போது கொஞ்சம், நாய் முதல் முயலைப் பிடித்த பிறகு மீதி. முதல் பிடிவரைக்கும் அது கொடுத்தவர் நாய்தான். தைப்பூசத்துக்குள் பிடிக்காவிட்டால் அவர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார், முன்பணத்தில் பாதிதான் திரும்பும். மனைவி மகளிர் குழுவில் எடுத்த ஆயிரத்து இருநூறைக் கொடுத்தேன்.

நாயைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. பன்றியை விரட்டத்தான் எனக்கு நாய் வேண்டும். ஆனால் அது என் நாயாக வேண்டுமென்றால் முயல் பிடிக்க வேண்டும். முயல் பிடிப்பது குற்றம். எட்டாவது படித்தவனுக்கு வனத்துறை போர்டு நன்றாகவே வாசிக்க வரும். போதாததற்கு அதில் முயல் படமும் போட்டிருந்தது.

“பிடிச்சா ஜெயிலு, பிடிக்காட்டி நாய் போச்சு” என்று மனைவியிடம் சொன்னேன்.

“ஏங்க, இன்னும் நாய்க்குச் சோறே வைக்கல. அதுக்குள்ள ஜெயிலுக்குப் போயிட்டீங்களா?” என்றாள் அவள்.

போகப்போகிற நாய் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. வெள்ளை உடம்பில் கருஞ்சிவப்புத் திட்டு, ஒட்டிய வயிறு, நீளக் கால், அந்தக் காலுக்குப் பொருந்தாத தொங்கல் காது. கதவு சத்தம் கேட்டால் நானும் அதுவும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். ராத்திரி என் கால்மாட்டில் படுத்து, நான் புரண்டால் அதுவும் எழுந்து உட்காரும். இரண்டு வாரத்தில், பன்றி மொத்தச் சேனையையும் தின்றாலும் பரவாயில்லை, இது போகக் கூடாது என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். இதை மச்சானிடம் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்கு இருபது நாள் இருக்கும்போது பாலசமுத்திரத்துக்காரர் தன் கிழட்டுப் பெட்டையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாயைச் சோதித்துவிட வேண்டும் என்றார். ஓடைக்கு மேலே ஒரு தரிசு. பட்டா நிலம்தானா என்று எல்லைக் கல்லை நான் மூன்று தரம் போய்த் தடவிப் பார்த்தேன்.

“கல்லு ஓடிராது தம்பி, வெரசா வாங்க” என்றார் அவர்.

நாயை அவிழ்த்துவிட்டோம். மருந்தடிக்கிறவன் வரிசை பிடித்துப் போவது மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்தது. மூக்கு மேலே, வால் சுழற்றி. உண்ணிச்செடிப் புதர் ஒன்றின் பக்கம் வந்ததும் நின்றது.

சும்மா நிற்கவில்லை. யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. வால் கம்பியாகிவிட்டது. கண் குத்திட்டுவிட்டது. உதடு மட்டும் லேசாகத் துடித்தது. முன்னங்கால் ஒன்று பாதி தூக்கியபடி அந்தரத்தில் மடங்கி நின்றது.

எனக்கு உயிர் போய்விட்டது. அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்துத் தோட்டத்து ஆடு இப்படி விறைத்து, விழுந்து, செத்தது. “வலிப்பு! மச்சான், வலிப்பு!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். வலிப்புக்கு இரும்பு. எங்கள் பக்கம் பஸ் ஸ்டாண்டில் யாராவது விழுந்தால்கூட முதலில் நாலு சாவிக்கொத்து நீளும். என் இடுப்பில் மோட்டார் ரூம் சாவி இருந்தது, ஒரு சாண் நீளம். நாயும் காலைத் தூக்கி, இந்தா வை என்கிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வைத்தேன். அந்தக் காலைச் சாவியோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

“விடுய்யா! நாயை விடுய்யா!” என்று பின்னாலிருந்து பாலசமுத்திரத்துக்காரர் அடித்தொண்டையில் கத்தினார். செத்துவிட்டது, விட்டுவிடு என்று சொல்கிறாராக்கும் என்று எனக்கு இன்னும் பதறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு “முருகா” என்று நாயை அப்படியே தூக்கித் தோளில் போட்டுத் திரும்பினேன். எல்லைக் கல் தடுக்கியது. நானும் நாயும் சாவியும் மூன்று திசையில் விழுந்தோம். அந்த நேரம் கிழட்டுக் கன்னி என்னைத் தாண்டிக் காற்றாகப் போனது. அதை நான் காதால் கேட்டேன், அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது எங்கள் நாய் என் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. வலிப்பு போயிருந்தது. சாவி வேலை செய்துவிட்டது என்று உண்மையிலேயே நினைத்தேன். கிழட்டுக் கன்னி ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வெறும் வாயோடு இரைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

பாலசமுத்திரத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“என் ஆயுசுல இப்படி ஒரு கூத்தைப் பாத்ததில்ல. அது பாயிண்டர் ரத்தம்யா. இந்தா இருக்குன்னு காட்டுது. நீ என்னடான்னா அது கையில சாவியைக் குடுக்கிற. பீரோவைத் தெறக்கவா?”

மச்சான் சிரித்துக்கொண்டே, ஆனால் விடாமல் கேட்டார். “இருக்கட்டும்ணே. புடிச்சுதா?”

“எங்க புடிக்க? அதைத்தான் இவரு தோள்ல தூக்கிட்டாரே. முயலு பொதருல இருந்துச்சு, ஓடுச்சு. கெழட்டு நாய் பொறத்தால ஓடுனதைப் பாக்கலையா? கன்னி கண்ணால பாக்காம ஓடாது.”

“மாப்ள போட்ட சத்தத்துக்கு நானே ஓடப் பாத்தேன். நாய் ஓடாதா?”

“ஏலே, முயலு இருந்துச்சுங்கிறேன்!”

“நான் பாக்கலைங்கிறேன்!”

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். இருந்தது என்று நான் சொல்லியிருந்தால், நாய் வேலை செய்துவிட்டது, கெடுத்தது நான்தான் என்றாகி மீதி ஆயிரத்து எண்ணூறு கொடுக்க வேண்டும், கையில் எண்பது ரூபாய் இருந்தது. இல்லை என்றால் நாய் போகும். “நான் கண்ணை மூடியிருந்தேங்க” என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

தைப்பூசத்துக்கு மறுநாள் வந்து நாயைக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் மச்சான் என் மனைவியிடம் கதையை ஒரு தரம் சொன்னார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஐந்தாறு நாள் போனது. ஒரு காலை வெள்ளனே நானும் நாயும் தோட்டத்துக்குப் போனோம். பன்றிகள் இரண்டு பாத்தியைப் புரட்டிவிட்டுப் போயிருந்தன. நாய் பாத்தியை மோந்தது, வேலியைத் தாண்டியது, ஓடைக்கரை உண்ணிப் புதர் முன்னால் போய் நின்றது. அதே நிற்பு, அதே தூக்கிய கால். கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது. வெட்கமாக இருந்தது. இந்தத் தடவை நாயைத் தொந்தரவு செய்யக் கூடாது, என்னதான் காட்டுகிறது என்று பார்ப்போம் என்று புதருக்குள் எட்டிப் பார்த்தேன்.

தாய்ப்பன்றி எழுந்து நின்று என்னைப் பார்த்தது.

சில்வர் ஓக் மரத்தில் கிளை எவ்வளவு உயரத்தில் தொடங்கும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் எப்படி ஏறினேன் என்பது எனக்கே தெரியாது. அங்கிருந்து மச்சானைக் கூப்பிட்டேன். அவரும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் தகர டின்னைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். பன்றிக் குடும்பம் வரிசையாக ஓடையைக் கடந்து மேட்டில் ஏறிப் போனது. அவ்வளவு நேரமும் நாய் காலை இறக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் காலையில் அதுதான் எங்கள் சோலி. பன்றிகள் பகலில் எங்கே படுத்திருக்கின்றன என்று நாய் நின்று காட்டும், நாங்கள் டின்னைத் தட்டுவோம். யாரையும் அடிக்கவில்லை, பிடிக்கவில்லை. நிம்மதியாகத் தூங்க விடவில்லை, அவ்வளவுதான். தூக்கம் கெட்டால் இடம் மாறத் தோன்றும் என்பது எனக்குச் சொந்த அனுபவம். ஒரு வாரத்தில் பன்றிகள் அடுத்த சரிவுக்குப் போய்விட்டன. சேனை தப்பியது.

தைப்பூசத்துக்கு மறுநாள் அவர் வருகிறவரைக்கும் என்னால் காத்திருக்க முடியவில்லை. முளைத்து நின்ற சேனையைக் காட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, ஆயிரத்து எண்ணூறைச் சட்டையின் உள்பையில் வைத்து ஊக்குக் குத்தி, நாயோடு பாலசமுத்திரத்துக்குப் போனேன். நடந்ததைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“முயலு புடிச்சுதா?”

“இல்லைங்கண்ணே. பன்னியைக் காட்டுச்சு. எனக்கு அது போதும். முயல் வேணாம், அது குத்தம்.”

“அப்ப எதுக்குத் தம்பி காசு? பாவமேன்னு குடுக்கிறியா? முதல் புடி இல்லாம நான் காசு வாங்குனா, நாய் சரியில்ல, கெஞ்சி வித்தேன்னு ஆகாதா?”

“வாங்காட்டி நாய் என்னோடதா ஆகாதேண்ணே.”

அவர் நாயைப் பார்த்தார். அது என் காலுக்குப் பின்னால் ஒண்டியது.

“நாயை நீயே வச்சுக்க. கூட்டிட்டுப் போக வர மாட்டேன். ஆனா காசு வேணும்னா ஒண்ணு பண்ணு. அன்னைக்கு முயலு இருந்துச்சா இல்லையா, அந்தா மலையைப் பாத்துச் சொல்லு. இருந்துச்சுன்னு சொன்னா இப்பவே வாங்கிக்கிறேன்.”

அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பழனிமலை கோபுரம் நேர் எதிரே தெரியும். இருந்தது என்றுதான் இப்போது நானும் நினைக்கிறேன். அந்த மாதிரி நின்ற நாய் பொய்க்கு நிற்காது. வாயைத் திறந்தேன். ஆனால் நினைப்பது வேறு, மலையைப் பார்த்துச் சொல்வது வேறு. ஒருவேளை அது காடையாக இருந்திருந்தால்? கிழட்டுக் கன்னி என் கத்தலுக்குத்தான் ஓடியிருந்தால்?

“நான் கண்ணை மூடியிருந்தேங்க” என்றேன்.

“அப்ப போயிட்டு வா” என்று கதவைச் சாத்தப் போனவர், நாய்க்கு மட்டும் ஒரு பிஸ்கட் போட்டார்.

திரும்பி வந்த பஸ்ஸிலேயே அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டேன். பிறகு பல தைப்பூசங்களுக்கு அடிவாரத்துக் கடைக்குப் பணத்தோடு போயிருக்கிறேன். “முயல் ஞாபகம் வந்துச்சா?” என்று கேட்பார், இல்லை என்பேன், விபூதிப் பொட்டலம் ஒன்றைச் சும்மா கொடுத்து அனுப்புவார். எங்கள் பெட்டியில், அப்பாவின் காகிதங்களுக்கு மேலே, ஊக்குக் குத்தின ஒரு கவர் இருக்கிறது. மாதம் ஒரு தரம் எண்ணுகிறேன். இன்னும் கொடுக்க வேண்டியது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.