எட்டில் ஒரு வாய்ப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார் தனுஷ்கோடி. முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. ஊராரின் வரப்புச் சண்டையும் பாகச் சண்டையும் பகல் முழுக்க அவர் பேனா வழியாகப் போகும். சாயங்காலம் அறைக்கு வந்தால், சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்தாயிற்று. வயதும் முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

அறையில் முன்பு இருந்தவர் ஒரு சீட்டுக்கட்டை விட்டுப் போயிருந்தார். தனுஷ்கோடிக்குச் சீட்டாடத் தெரியாது. கூட ஆட ஆளும் கிடையாது. ஆனாலும் கலைத்துக் கவிழ்த்து, அடுத்து என்ன வரும் என்று யோசிப்பார். அந்தச் சீட்டுக்கட்டில் கிளாவர் ஆறாம் சீட்டு தொலைந்திருந்தது. ஆகவே சீட்டு ஐம்பத்தொன்று. அதில் ராஜா நான்கு. முதல் சீட்டு ராஜாவாக இருக்க ஐம்பத்தொன்றில் நாலு வாய்ப்பு. ஒரு ராஜா வந்துவிட்டால், மிச்சம் ஐம்பதில் மூன்றுதான். "பாத்தீரா, கொறஞ்சு போச்சு" என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்.

முப்பத்தெட்டாம் வயதில் தளவாய்புரத்தில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் பெயர் செல்லக்கனி. பெண் பார்க்கப் போன அன்று தண்ணீர்ச் செம்பை நீட்டியவள், "பஸ்ஸுல வந்தியளா, வெயில்ல நடந்தா வந்திய?" என்று மெல்லக் கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. தன்னைப் பற்றி ஒருத்தி கேட்ட அந்த ஒரு கேள்வியை அவர் வாரக்கணக்கில் மனசுக்குள் வைத்திருந்தார்.

பெண்ணின் தகப்பன் சமுத்திரம், வெற்றிலை மாற்றுமுன் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் என்று இலையில் மடித்துக் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். அவர்கள் குடும்பத்தில் தகப்பன்வழிக் கோயில், தாய்வழிக் கோயில், ஊர்க்காவல் கோயில் மூன்றிலும் வெள்ளையே வர வேண்டும்.

தனுஷ்கோடி கணக்குப் போட்டார். ஒரு கோயில் என்றால் பாதிக்குப் பாதி. இரண்டு என்றால் நாலில் ஒன்று. மூன்று என்றால் எட்டில் ஒன்று. கறுப்புச் சீட்டை வெள்ளைப்பூ என்று வைத்துக்கொண்டு, கறுப்பொன்றும் சிவப்பொன்றுமாகக் கவிழ்த்து எடுத்து எடுத்துப் பார்த்தார். தொடர்ந்து மூன்று கறுப்பு லேசில் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுத்திரமே துணிப்பையும் கையுமாக அறைக்கு வந்தார். பாயை விரித்து உட்காரவைத்த தனுஷ்கோடி, "வாங்க மாமா" என்றார். அந்த வார்த்தையை அவர் பல நாள் தனியாகச் சொல்லிப் பழகியிருந்தார். சமுத்திரம் சிரித்த முகத்தோடு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோயிலுக்கு நாள் குறித்தாயிற்று என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் தனுஷ்கோடி முந்திக்கொண்டார். சீட்டை எடுத்துப் பாயில் வைத்தார்.

"கோவிச்சுக்கிடாதிய மாமா. ஒரு கோயில் போதும். மூணுன்னா நமக்கு எட்டுல ஒண்ணுதான். இந்தா, கறுப்ப வெள்ளப்பூன்னு வச்சுக்கிடுவோம்."

முதலில் கறுப்பு வந்தது. அடுத்தது சிவப்பு. "பாத்தியளா?" என்றார், ஜெயித்தவர் போல. மறுபடி கலைத்தார், மறுபடி எடுத்தார், மூச்சுவிடாமல் விளக்கினார். ஓரம் நைந்த சீட்டுகளையும் அவர் முகத்தையும் சமுத்திரம் மாறி மாறிப் பார்த்தார்.

"இத யாரோட ஆடுவிய தம்பி?"

"யாரோடயும் இல்ல மாமா. நான் மட்டுந்தான்."

சமுத்திரம் துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழமையே பூப் பாத்தாச்சு. மூணும் வெள்ளதான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

தனுஷ்கோடியின் கை சீட்டின் மேலேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் நாள் குறிக்கலாமே என்று தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

சமுத்திரம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சாமி குடுத்ததுல கொறையில்ல தம்பி. எனக்குத்தான் பயமா இருக்கு. தன்னோட தானே பேசிப் பழகுன ஆளு நீங்க. வந்தவன் என்ன சொல்ல வாரான்னு கேக்கத் தோணல. எம் மக இங்க வந்து யாரோட பேசுவா?"

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் தனுஷ்கோடி செருப்பில்லாமல் பின்னாலேயே போனார். சீட்டை அடுப்பில் போட்டுவிடுவதாகச் சொன்னார். இனிமேல் கேட்டுப் பேசுவதாகச் சொன்னார். சமுத்திரம் அதட்டவில்லை, இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் பஸ் ஏறினார். ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர் கேட்டபோதும், சீட்டை எரித்துவிடுவதாகவே தனுஷ்கோடி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் செல்லக்கனிக்குச் சேத்தூர் மாப்பிள்ளையோடு கல்யாணம் ஆயிற்று.