காயாத விபூதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எழுதினால் ஒருத்தர் அற்புதம் என்பார், இன்னொருத்தர் மூடநம்பிக்கை என்பார். நடந்தது இரண்டுமே இல்லை.

நாங்கள் இருப்பது திருவொற்றியூர். நான் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறேன். எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஐந்தாம் வகுப்பு. தினமும் அவள் முகம் கழுவி வந்ததும் என் மனைவி விபூதியைத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் மூன்று கோடு இழுப்பாள். நல்ல உடம்பில் அது மெதுவாகக் காய்ந்து வெளுக்கும். காய்ச்சல் இருந்தால் விரலை எடுப்பதற்குள் வெளுத்து உதிரும். உதிர்ந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. வயிற்றுவலி என்று அவள் நடித்த நாளெல்லாம் விபூதி காட்டிக்கொடுத்துவிடும்.

மாடி வீட்டு அக்காவுக்கு இதில் ஒரே கிண்டல். “உங்க வூட்டுக்கு மட்டும் முருகரே வந்து ஜுரம் பாத்துட்டுப் போறாரு. நாங்கதான் மெடிக்கல்ல தெர்மாமீட்டர் வாங்க வேண்டியதா கீது.”

ஒரு மழைக்காலத்தில், தெருத் தண்ணீர் வடியாத சமயம், மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. மூன்று நாளும் விபூதி உடனே உதிர்ந்தது. அடுத்த நாள் அரையாண்டுப் பரீட்சை. அன்று காலை பூசிய விபூதி காயவில்லை. ஜுரம் விட்டது என்று என் மனைவி சாமி படத்தைக் கும்பிட்டாள். நானும் பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

மகள் யூனிஃபார்மோடு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். பரீட்சை என்றால் எங்களுக்கு முன்னால் வாசலில் நிற்கிற பிள்ளை.

“இன்னா கண்ணு, கெளம்பலியா?”

“வேணாம் நைனா. படுத்துக்கறேன். வயிறு வலிக்குது.”

பழைய நடிப்புதான் என்று நினைத்தேன். தலை பின்ன அவள் முகத்தைத் திருப்பிய என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். மூன்று கோடும் கரைந்து புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. கையைத் தொட்டால் ஐஸ்.

“ஜுரம் இல்லதான்யா. ஆனா விபூதி வழியுது பாரு, புள்ள சரியா இல்ல. இஸ்கூல் வேணாம், ஆஸ்பத்திரிக்கு வுடு வண்டிய.”

பிள்ளையை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டெங்கு என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இதில் ஆபத்து என்றார். வயிறு வலித்து, கை கால் சில்லிட்டால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாதாம். உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

என் மனைவி அங்கேயும் தினமும் விபூதி பூசினாள். ஒரு காலை அது பழையபடி மெதுவாகக் காய்ந்து வெளுத்தது. பார்த்துக்கொண்டே இருந்து அழுதாள். ஆனாலும் பையைக் கட்டவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் கட்டினாள்.

இப்போது விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் மாடி வீட்டு அக்கா கொடுத்த தெர்மாமீட்டர் இருக்கிறது. இரண்டும் சரியென்று சொன்னாலும் பிள்ளை படுக்கிறேன் என்றால் படுக்கவிடுகிறோம்.

பிள்ளை பெற்றவர்கள் யாரிடமாவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது விபூதி காப்பாற்றியது என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். விபூதியை விட்டுவிட்டும் சொல்ல வேண்டாம். நடந்தபடியே சொல்லுங்கள்.