தோல்கூடத்தின் வாசல்

ஆய்வகத்தில் இன்று ஆவாரம்பட்டைச் சாறு ஊறிய ஜாடியைத் திறந்ததும், அறுபதுகளின் தாராவியில் வாப்பா தோல் பதனிட்ட கூடம் மூக்கில் ஏறியது: சுண்ணாம்பு நெடி, ஈரச்சாக்கு, மயிர் வழிக்கும் கத்திகளின் ஓயாத உரசல், எல்லாமே நான் வாசலுக்கு வெளியே நின்று அறிந்தவை.

வட அமெரிக்காவின் பிளாக்ஃபுட் மக்களில் காட்டெருமைத் தோலைச் சுரண்டி, மூளையும் கொழுப்பும் தேய்த்துப் பதப்படுத்துவது பெண்களே என்றும், அதில் தைத்த கூடாரம் அவர்களுக்கே சொந்தம் என்றும் பள்ளி நூலகத்தில் படித்த அன்று, எனக்கும் ஒரு கத்தி வேண்டுமென்று வாப்பாவிடம் போய் நின்றேன்.

“ஏளா, ஆம்பளைக வேல பாக்குற எடத்துல ஒனக்கென்ன சோலி?” என்று விரட்டினார்.

உம்மாவிடம் கூடாரத்தைப் பற்றிச் சொன்னேன்.

“வீடு அவளுக்குன்னா வாடகையும் அவதான் குடுக்கணுமோ?” என்று சிரித்தாள்.

எரிச்சலில் அழுகை முட்டியது. தினமும் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் கொடுத்துவிட்டு, இடுக்கு வழியே கத்திகளின் போக்கைப் பார்த்துக் காற்றில் கையை அசைத்துப் பழகினேன்.

தோல் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கித் திரும்பியபோது கூடத்தை இடித்திருந்தார்கள். வாப்பா பெருமையோடு என்னை அழைத்துப்போய், வெறும் மண்ணைக் காட்டினார்.

“இப்ப வாளா உள்ள. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.”