கட்டைவிரல் பதிந்த அதிரசம்

நாலு அதிரசத்தைப் பிளந்து உள்ளே எலி மருந்தை வைத்து மூடினேன். எது என்று எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதனால் ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிக் குழி செய்துவைத்தேன். சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் நாலு மூலையிலும் ஒவ்வொன்றை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். விடிந்ததும் முதல் ஆளாக வந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த அறையில் மருந்து வைக்கவே கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். எங்கள் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அவர் பெரிய டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில்தான் நான் இருபது வருடம் ஆயாவாக இருந்தேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே இன்றும் எழுந்து நின்றுவிடுவேன். ஆனால் போன வருடம் எலி இரண்டு அரிசி மூட்டையைக் கிழித்துவிட்டதற்கும் என்னைத்தான் கேட்டார். சாவி என்னிடம்தானே இருக்கிறது. அதனால் சொல்லாமல் வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இருபத்துநாலு ஏழைக் குடும்பங்களுக்குப் பை கொடுப்பது எங்கள் சங்கத்து வழக்கம். அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு சேலை, அதோடு நாங்களே சுட்ட அதிரசம் ஆறு, முறுக்கு ஆறு, பேப்பரில் பொட்டலம் கட்டி. மருந்து வைத்த மறுநாள்தான் பை கொடுக்கும் நாள். அன்றைக்குப் பார்த்து நான் வரும் டவுன் பஸ் பாதியில் நின்றுபோனது. நான் போய்ச் சேரும்போது, மாற்றுச் சாவி வைத்திருந்த தையல்காரி அறையைத் திறந்து எல்லாப் பொட்டலத்தையும் கட்டி முடித்திருந்தாள். அவள் என்னோடு பலகாரம் சுடுபவள், எனக்குப் பதினைந்து வயது இளையவள். வாசலில் சனம் நின்றது. டீச்சர், "ஆயாம்மா, பைகளைத் தூக்கிட்டு வாங்க, ஜெபம் முடிஞ்சாச்சு" என்றார். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு எதுவுமே மனதில் நிற்காது. தலையைக் குனிந்துகொண்டு பை பையாகத் தூக்கிக் கொடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு அறையைக் கூட்டப் போனேன். ஒரு மூலையில் குனிந்தபோதுதான் அந்த அதிரசம் என்னைப் பார்த்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டேன். அடுத்த மூலையில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. நாலாவது மூலையில், அரிசி மூட்டைகள் இருந்த இடத்தில், எதுவும் இல்லை.

எலி இழுத்துப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். சாக்குகளை உதறினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தையல்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, மயக்கமா?"

"இந்த மூலையில ஒரு அதிரசம் இருந்துச்சே."

"மூட்டை மேல கிடந்ததா? டின்ல இருந்து தவறி விழுந்துச்சுன்னு நெனச்சு எடுத்துப் பொட்டலத்துல வச்சேன். கடைசியில ஒண்ணு கொறஞ்சுச்சு, சரியாப் போச்சு."

நான் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாகக் கட்டிய ஐந்து பொட்டலங்கள், பஸ் பிந்தி வந்த கீழக்குயில்குடி ஆட்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தவை. அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அவர்கள் வாங்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அவுக போன் நம்பரு டீச்சர் நோட்டுலதேன் இருக்கு. இந்தா டீச்சருக்குப் போடுறேன்" என்று செல்லை எடுத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்மா. டீச்சருக்குத் தெரிய வேணாம். ஆட்டோவுல போயி நாமளே வாங்கிட்டு வந்துருவோம்."

இதை எழுதும்போது என் கை நிற்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீடுகள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கையைப் பிடித்தேன்.

சிம்மக்கல்லில் பண்டிகைக் கூட்டம். ஆட்டோ நகரவே இல்லை. நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட்டு நுனியில் உட்கார்ந்திருந்ததை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னக்கா, அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டீகளா?" என்றார். தையல்காரிதான், "கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே" என்றாள். நடுவில் குழி, நடுவில் குழி என்று அது ஒன்றுதான் என் மனதில் ஓடியது.

கீழக்குயில்குடியில் மலையடிவாரத் தெருவில் ஐந்து வீடும் அடுத்தடுத்துத்தான். முதல் வீட்டில் நான் சொன்னது இது: "பலகாரம் எண்ணிக்கை தப்பாயிருச்சு. பொட்டலத்தை மட்டும் கொஞ்சம் காட்டுங்க."

அந்த வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்தாள். "குடுத்தத எண்ணிப் பாக்க ஆட்டோ புடிச்சா வந்தீக? அந்த ஆட்டோ காசுக்கு இன்னும் ரெண்டு கிலோ சுட்டிருக்கலாமே."

ஆனாலும் எடுத்து வந்து காட்டினாள். ஆறும் நல்லவை. அடுத்த இரண்டு வீட்டிலும் ஆறாறு இருந்தன, குழி இல்லை. நாலாவது வீட்டில் ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். மடியில் நாலுதான் இருந்தன.

"ஐயா, நெஞ்சு கிஞ்சு எரியுதா?"

"ஏன், சுட்டவ கைப்பக்குவம் அம்புட்டு மோசமா?" என்று சிரித்தார்.

"தின்னதுல நடுவுல குழி இருந்துச்சா தாத்தா?" என்று தையல்காரி கேட்டாள்.

"அதிரசத்துல குழி மேடு பாத்தா ஆத்தா திம்பாக? இருந்தாலும் இருந்திருக்கும்."

அவரை மேலே தின்ன வேண்டாம் என்று சொல்லி, மீதியை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினோம். அங்கே இருந்தது ஒரு விதவையும் அவள் மாமியாரும். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"பலகாரமா? அதெல்லாம் தின்னு முடிச்சாச்சே."

"ஆறுமா? யாரு தின்னா?"

"நாங்கதேன். நானும் அத்தையும்."

"கட்டியிருந்த பேப்பரு?"

"அடுப்புல போட்டுட்டேன்."

கதவிடுக்கில் பார்த்தேன். அடுப்பில் சாம்பல் வெளுத்துக் கிடந்தது, காலையில் இருந்து எரிந்த மாதிரியே இல்லை. மாமியாருக்குப் பல் ஒன்றுகூடக் கிடையாது. அவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. ஏன் என்றும் தெரிந்தது. பை கொடுக்கும்போது ஒவ்வொரு வருடமும் டீச்சர் சொல்லும் பேச்சு அது: இதை விற்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, தெரிந்தால் அடுத்த வருடம் பேரை எடுத்துவிடுவோம். நானும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றவள்தானே. இவள் யாருக்கோ கொடுத்திருக்கிறாள். என்னைச் சோதனை போட வந்தவளாக நினைத்துப் பயப்படுகிறாள். நான் எண்ணிக்கை என்று சொல்கிறவரைக்கும் இவள் தின்னாச்சு என்றுதான் சொல்லுவாள்.

நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் முதல் வீட்டுக்காரியும் இன்னும் நாலு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வயதுக்கு அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை.

"எண்ணிக்கை தப்பல. நான் பொய் சொன்னேன். அதுல ஒண்ணுல எலி மருந்து இருக்கு. நான்தான் வச்சேன். எங்க டீச்சருக்கும் தெரியாது."

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். "அவ வீட்டுல ஒண்ணுமே இல்லம்மா, ரெண்டு பிள்ளைக, அதேன் குடுத்தேன்" என்று ஓட்டத்திலேயே அழுதாள்.

இரண்டு சந்து தள்ளி ஒரு தகரக் கூரை வீடு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுடையது, அன்று வேலை இல்லை. உள்ளே சுவரில் ஒரு சாமி படம். படத்துக்குக் கீழே பலகையில் பொட்டலம் பிரித்து வைத்திருந்தது. எதிரில் இரண்டு பெண் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்கு எட்டு வயது இருக்கும், சின்னவளுக்கு ஐந்து.

"சாயங்காலம் வெளக்கேத்திச் சாமிக்குக் காட்டிட்டுத்தேன் திங்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் தாய், நாங்கள் யார் என்றே தெரியாமல்.

மண்டியிட்டு எண்ணினேன். ஆறு இருந்தது. மூன்றாவதில் என் கட்டைவிரல் குழி. என் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிய பிறகுதான் பார்த்தேன். ஓரத்தில் ஒரு துண்டைக் காணோம்.

விதவை விஷயத்தைச் சொல்லவும் தாய் பிள்ளைகளைப் பிடித்து உலுக்கினாள். "யாருடி கிள்ளுனது? சொல்லுங்கடி." இரண்டும் இல்லை என்று தலையாட்டின. அடிக்கக் கை ஓங்கினாள். சின்னவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தேன். பயத்தில் எனக்கு என் வாசனையே தெரியவில்லை, வேறு என்ன தெரியும்.

அதே ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோக்காரர் இப்போது பேசவே இல்லை, ஹாரனில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. அங்கே டாக்டரிடம் சொன்னேன். நர்ஸ் எழுதிக்கொள்ள வந்தபோது சொன்னேன். எலி மருந்து சம்பந்தப்பட்டது என்றால் போலீஸும் கேட்பார்களாம், அவர்களிடமும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து. தையல்காரி என்னிடம் கேட்காமலே டீச்சருக்குப் போன் போட்டுவிட்டாள்.

டீச்சர் வந்தார். நான் எழுந்து நின்றேன். எழுந்திருக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். மெதுவாக, "எனக்குச் சொல்லியிருந்தா அஞ்சே நிமிஷத்துல அஞ்சு வீட்டுக்கும் போன் போயிருக்குமே ஆயாம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிள்ளைகளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை தாய் டீ வாங்கப் போயிருந்தாள், பெரியவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் என் முந்தானையை இழுத்தாள்.

"அப்பத்தா, அம்மாட்ட சொல்ல மாட்டீகளே?"

குனிந்தேன்.

"நாந்தேன் கிள்ளுனேன். ஆனா திங்கல. கோழிக்குப் போட்டேன். சாமிக்கு முன்னாடி நான் தின்னா சாமி கண்ணக் குத்தும். கோழி தின்னா குத்தாதுல்ல?"

டாக்டரிடம் உடனே சொன்னேன். தாயிடமும் சொன்னேன், அடிக்காதே என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டு. அந்தப் பெண் விதவைக்குப் போன் போட்டுத் தன் வீட்டின் பின்பக்கம் பார்க்கச் சொன்னாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கோழி விறைத்துக் கிடக்கிறதாம். முட்டையிடும் கோழி, அந்த வீட்டில் இருந்த ஒரே கோழி. போனை வைத்துவிட்டு அவள் சின்னவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நாக்கில் விரலையாவது வைத்திருப்பாளோ என்று இரண்டு பிள்ளைகளையும் அனுப்பும்வரை அந்த வராண்டாவிலேயே கிடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெரியவருக்கும் ஒன்றும் இல்லை.

விதவையின் பேரை டீச்சர் எடுக்கவில்லை. அதற்குக் கீழேயே சித்தாள் பெண்ணின் பேரையும் எழுதிக்கொண்டார். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற அந்தப் பேச்சையும் அதற்குப் பிறகு பேசுவதில்லை. சாவியை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் சந்தையில் ஒரு கோழி வாங்கி, காலைக் கட்டி, பையில் வைத்துக் கீழக்குயில்குடிக்குப் பஸ் ஏறினேன். தாய் வாசலில் நின்றாள்.

"சங்கத்துல குடுத்துவிட்டாகளா?"

"இல்லம்மா. உங்க கோழிக்குப் பதிலு. நான் வாங்குனது."

கோழியைத் தூக்கி எடை பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கால் கட்டை அவிழ்த்துக் கூடைக்குள் விட்டாள். சின்னவள் கதவுக்குப் பின்னால் இருந்து வந்தாள். கோழிக்கென்று முந்தானையில் கொஞ்சம் குருணை முடிந்து வைத்திருந்தேன். அவிழ்த்து, "இந்தா, போடு" என்று நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஒரு சிட்டிகை குருணையை எடுத்து என் வாயில் போட்டு மென்று விழுங்கினேன். அந்தப் பிள்ளை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை நீட்டியது.